அக்கா ரத்தம்

சட்டையின் இடது கை உள்ளே போக மறுத்தது. அல்போன்சா தம்பியின் முழங்கையை மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. நேற்று மதியம் செத்ததால் வந்த விறைப்பு மட்டுமல்ல அது. ஒன்றரை வருஷமாகவே பிரிட்டோவின் கை அப்படித்தான் இருந்தது. தோல் இறுகி, சுருக்கமே இல்லாமல், கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக எலும்போடு ஒட்டிக் கிடந்தது. கடைசி ஆறு மாதம் அவனால் சோற்றைத் தானே எடுத்து வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"ஐரின், கத்திரிக்கோல் எடும்மா. முதுகுப் பக்கம் வெட்டித்தான் மாட்டணும்."

பீரோ ஓரமாக நின்றிருந்த ஐரின் கத்திரிக்கோலை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. நேற்று மதியத்திலிருந்து அவள் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வயது இருபத்தாறு. கல்யாணமாகி எட்டாவது மாதம் புருஷனுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தது. மிச்சக் காலம் ஆஸ்பத்திரியும் வீடும்.

அது காக்கிச் சட்டை. பிரிட்டோ சிறுமலை பஸ்ஸின் டிரைவர். பதினெட்டு வளைவையும் ஹார்ன் அடிக்காமல் ஏறுவேன் என்று பந்தயம் கட்டி, ஜெயித்து, மெமோ வாங்கியவன். காக்கி போட்டுத்தான் தன்னைப் பெட்டியில் வைக்கவேண்டும் என்று அவனே சொல்லியிருந்தான். அல்போன்சா சட்டையைக் காலரிலிருந்து கீழ்வரை நேராக வெட்டினாள். தடித்த துணி. கடைசி மடிப்பில் கத்திரி வழுக்கி அவளுடைய ஆள்காட்டி விரலில் பட்டது. ரத்தம் ஒரு முத்தாகத் திரண்டு நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐரினும் பார்த்தாள். பிறகு அல்போன்சா விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, சட்டையை முன்பக்கமாக இரண்டு கைகளிலும் செருகி, முதுகுக்கு அடியில் ஒதுக்கிவிட்டு, பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள்.

கதவருகே இஞ்ஞாசியம்மாள் வந்து நின்றாள். மூத்த அண்ணன் செபஸ்தியானின் மனைவி.

"அல்போன்சா, நீ செத்த நேரம் வெளிய வா. ஆம்பளைக இருக்காக, மத்ததை அவுக பாத்துக்கிருவாக."

"முடியப் போகுது மதினி."

"நீ செஞ்ச வரைக்கும் போதும்னுதான் சொல்றேன்."

சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'செஞ்ச' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் நின்று போயிற்று. அல்போன்சா தலையைத் தூக்கவில்லை. கழுத்துப் பொத்தானையும் போட்டு முடித்தாள். டிரைவர்கள் யாரும் கழுத்துப் பொத்தான் போடமாட்டார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் அதை மட்டும் கழற்றிவிட்டாள்.

*

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மரியநாதபுரத்தின் அந்தத் தெருவில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். ஆடி முடிந்தும் காற்று ஓயவில்லை. தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து வாடையை அள்ளிக்கொண்டு வந்தது. டெப்போவிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒச்சப்பன், பிரிட்டோவோடு ஏழு வருஷம் ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர். செபஸ்தியான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், வந்தவர்கள் எல்லாரும் முதலில் அவர் கையைத்தான் பிடித்தார்கள்.

அல்போன்சா கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது இஞ்ஞாசியம்மாள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் ஜெபமாலைக்கும் அடுத்த ஜெபமாலைக்கும் இடையிலிருந்த அமைதியில் அது பந்தல் முழுவதும் கேட்டது.

"பொம்பளை ரத்தத்தைக் கொண்டுபோய் ஆம்பளைக்கு ஏத்துனா ஒடம்பு ஏத்துக்கிருமா? அதுவும் மூணு பிள்ளை பெத்த ஒடம்பு. உள்ள போன ரத்தம் அவனையே தின்னுருச்சு. நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா?"

பெண்கள் அல்போன்சாவைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி இஞ்ஞாசியம்மாளின் முழங்கையைத் தொட்டாள்.

அல்போன்சா நின்ற இடத்திலேயே நின்றாள். குஜிலியம்பாறைப் பக்கத்தில் சத்துணவுக் கூடம் நடத்துகிறவள். நூற்று இருபது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அதை உயர்த்தாமல் பேசினாள்.

"மதினி சொல்றது சரிதான். டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னாக."

இஞ்ஞாசியம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை.

"பிள்ளை பெத்தவ அணுவுக்கு மூர்க்கம் சாஸ்தியாம். ஆம்பளைப் பிள்ளையைச் சுமந்தப்பவே ஆம்பளை ஒடம்பை வேத்தாளுன்னு பழகிருமாம். அதனால தங்கச்சி அக்காவைவிட அண்ணன் தம்பி யாராச்சும் பொருந்தினா அவுககிட்ட எடுக்குறது நல்லதுன்னாக. நானும் கேட்டேன், அவனும் கேட்டான். தெரிஞ்சுதான் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்."

அண்ணன் தம்பி என்ற சொல் பந்தலைச் சுற்றிவிட்டு எங்கே போய் நின்றது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் ஒருவரும் செபஸ்தியானைப் பார்க்கவில்லை.

பின்வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி மட்டும் கேட்டாள். "அம்புட்டும் தெரிஞ்சா பிறகு ஏன்டி குடுத்த?"

"கேட்டாக, குடுத்தேன். இன்னொருக்கா கேட்டாலும் குடுப்பேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். செபஸ்தியான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

*

2001 அக்டோபரில் வேலூரில் டாக்டரம்மா, பிரிட்டோவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றக் கூடப்பிறந்தவர்கள் எல்லாருடைய ரத்தத்தையும் சோதிக்கவேண்டும் என்றார். இருப்பது ஒரு அண்ணன், ஒரு அக்கா. செபஸ்தியான் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். வெள்ளி போய்ச் சனி வந்தது. திங்கள்கிழமை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அல்போன்சா போன் போட்டாள். இஞ்ஞாசியம்மாள்தான் எடுத்தாள். "அவுகளுக்கு சுகர் இருக்குல்ல. இடுப்பு எலும்புல ஊசி போடுவாகளாமே" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவர் ரத்தம் பொருந்தியிருக்குமா பொருந்தாதா என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று. அல்போன்சாவுடையது பொருந்தியது.

அவளைக் குப்புறப் போட்டு இடுப்பெலும்பில் நூற்றைம்பது இருநூறு இடத்தில் குத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். சாயங்காலம் அது ஒரு சிவப்புப் பையில் தொங்கி, சொட்டுச் சொட்டாகத் தம்பிக்குள் இறங்கியதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். உள்ளேயிருந்து பிரிட்டோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ரெண்டு விசில் கொடுத்தால் வண்டி புறப்படும் என்பதுபோல.

இருபத்தெட்டாம் நாள் பிரிட்டோவின் உள்ளங்கை சிவந்தது. பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு கண்ணில் மஞ்சள். அது ஒரு மாதிரி அடங்கி ஊருக்கு வந்து, மறுபடி ஆரம்பித்தது. வாயெல்லாம் புண், கண்ணில் ஈரம் வற்றிப்போய் மணல் விழுந்ததுபோல உறுத்தல், தோல் இறுக்கம். மாதம் ஒரு காய்ச்சல். ஒரு வருஷம் கழித்து வேலூருக்குப் போனபோது பிரிட்டோ, ஐரின், அல்போன்சா மூன்று பேரையும் டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கு. வயசாக ஆகச் சுருங்கும், ஆனாலும் கொஞ்சம் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். மஜ்ஜையில பிறக்கிற ஒரு வகை வெள்ளை அணு அங்க போய்த்தான் பழகணும். எது நம்ம உடம்பு, எது வெளியில இருந்து வந்த கிருமி, அதை அங்கதான் கத்துக்கும். சொந்த உடம்பையே அடிக்கிற அணுவை அங்கயே கழிச்சிரும்."

"ஆர்.டி.ஓ. ஆபீஸு" என்றான் பிரிட்டோ. "எட்டுப் போட்டுக் காட்டினாத்தான் லைசென்ஸு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்படியே வச்சுக்கங்க. உங்க அக்கா மஜ்ஜையோட சேர்ந்து, ஏற்கெனவே அவங்க உடம்புல பழகின அணுக்களும் வந்துச்சு. அதுக்கு உங்க உடம்பு அந்நியம். தோலை அடிச்சுச்சு, குடலை, ஈரலை அடிச்சுச்சு. போற போக்குல தைமஸையும் அடிச்சிருச்சு."

"ஆபீஸையே இடிச்சிருச்சா?"

"ஏறக்குறைய. இப்ப உங்க உடம்புல புதுசா வர்ற அணு ரொம்பக் கம்மி. வர்றதுலயும் சிலது சரியாப் பழகாம வருது. அதான் கிருமியை அடிக்க ஆளில்லை, ஆனா உங்களையே அடிக்குது."

"லைசென்ஸ் இல்லாத பயலுகளா வண்டி ஓட்டுறானுக."

அவன் சிரித்தான். ஐரின் சிரிக்கவில்லை. அல்போன்சா, "என்னோடதைத் திருப்பி எடுக்க முடியாதாம்மா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். "எடுத்தா புற்று திரும்பி வந்துரும். மிச்சம் ஒளிஞ்சிருந்த புற்று அணுவைத் தேடித் தேடிக் கொன்னதும் உங்களோடதுதான். ரெண்டும் ஒரே வேலைதாம்மா. ரெண்டையும் பிரிச்செடுக்க இன்னும் எங்களுக்குத் தெரியலை. மருந்து கொடுத்து அடக்கலாம். ரொம்ப அடக்கினா கிருமி வரும். விட்டா உடம்பை அடிக்கும். நடுவுல போகணும்."

திரும்பி வருகிற ரயிலில் அல்போன்சா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். பிரிட்டோ அவள் தோளில் இடித்தான்.

"ஏக்கா, சின்னதுல கம்பெடுத்து அடிச்சது பத்தலையா, இப்ப உள்ள புகுந்து அடிக்கிற?"

"வாய மூடுலே."

"அண்ணனை மட்டும் ஒண்ணும் கேட்டுறாத. பயந்துட்டாரு. பயந்தவனை ஸ்டியரிங்ல உக்கார வைக்கக்கூடாது. வண்டியில இருக்க எல்லாருக்கும் கேடு."

அவன் பயப்படவில்லை. வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். டெப்போவில் நேரக்காப்பாளர் வேலை கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒச்சப்பன் வண்டியில் ஏறிச் சிறுமலைக்குப் போய்விட்டு வருவான். வெயில் படக்கூடாது, கூட்டத்தில் போகக்கூடாது என்று ஐரின் கத்துவாள். "கூண்டுக்குள்ள இருந்து சாகுறதுக்கா அக்கா எலும்பைக் குடைஞ்சு குடுத்துச்சு?" என்பான். ஒருநாள் அவன் முகத்துத் திட்டுகளைப் பார்த்து ஒருவர் சீட்டை விட்டு எழுந்துவிட்டார். பிரிட்டோ முகமூடியைக் கழற்றினான். "உக்காருங்க அண்ணாச்சி, ஒட்டாது. இது எங்க குடும்பச் சண்டை" என்றான். ஒச்சப்பன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கடைசியில் நுரையீரலில் சளி பிடித்தது. நான்கு நாள். மூன்றாம் நாள் ரத்தம் ஏற்றவேண்டியிருந்தது. நர்ஸ் அவனுடைய பழைய லைசென்ஸைப் பார்த்து பி பாசிட்டிவ் என்று எழுதினாள். "அது பழசும்மா. இப்ப அவனுக்கு என்னோட ஓ பாசிட்டிவ்" என்றாள் அல்போன்சா. நர்ஸ் நம்பாமல் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து, அடித்துத் திருத்தினாள். மூச்சுக் குழாய்க்கு அடியிலும் பிரிட்டோ கண்ணால் சிரித்தான்.

*

மூன்று மணிக்குப் பெட்டி வந்தது. உள்ளே ஐரினும் அல்போன்சாவும் மட்டும் இருந்தார்கள். ஐரின் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து புருஷனுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் பாதமும் வளையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டாள்.

"மதினி" என்றாள், தலை தூக்காமல்.

அல்போன்சா பக்கத்தில் வந்தாள்.

"உங்களை வெறுக்கணும்னுதான் இருந்தேன். நேத்தெல்லாம் அதான் செஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"வெறுத்துக்கம்மா. நான் கோவிக்க மாட்டேன்."

"முடியலை." இரண்டாவது சாக்ஸை எடுத்தாள். "எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. மூணு வருஷமா அவர் கைபிடிச்சுத்தான் உக்காந்திருந்தேன். அந்தக் கையில நாடி பாத்தேன். அதுல ஓடுனது நீங்கதான? எங்க இருந்து அவர், எங்க இருந்து நீங்கன்னு நான் எப்படிப் பிரிப்பேன்?"

அல்போன்சா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சாக்ஸின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக இழுத்து மாட்டினார்கள்.

*

கோயிலில் பூசை முடிந்ததும் உபதேசியார் கல்லறைப் பதிவேட்டை எழுதக் குடும்பத்தில் ஒருவரைக் கூப்பிட்டார். செபஸ்தியான் பங்குச் சாமியாரோடு பேசிக்கொண்டிருந்தார். அல்போன்சா போனாள். பூசை உடுப்பு வைக்கும் அறையில், ஜன்னலோரத்து மேசையில், நீளமான நோட்டு விரிந்து கிடந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது முப்பத்துமூன்று எல்லாம் எழுதியாகிவிட்டது. மரணத்தின் காரணம் என்ற கட்டத்தில் 'ரத்தப் புற்றுநோய்' என்றிருந்தது.

"இது யாரு சொன்னது?"

"ஹெட்மாஸ்டர்தான். ஏம்மா, அதுதான?"

"அது இல்லை. அது போயிருச்சு. போன மாசம் கூட டெஸ்ட் பண்ணினாக, ஒண்ணுகூட இல்லை. அதுல அவன் சாகலை."

உபதேசியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நல்ல மனிதர், அவசரம். வெளியே பெட்டி காத்திருந்தது. "சரி, அப்ப எதுல போனான்?"

அவள் யோசித்தாள். கட்டம் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. அதில் எதை எழுதச் சொல்வது? தன் அணு என்றா? இடிந்துபோன சுரப்பி என்றா? பெட்டிக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏற்கெனவே தங்கள் கட்டத்தை நிரப்பியிருந்தார்கள்.

"நிமோனியா" என்றாள். "நுரையீரல் காய்ச்சல்."

"இதைப் பத்து வருஷம் கழிச்சு யாரும்மா எடுத்துப் பாக்கப் போறா? அடிச்சா நோட்டு அசிங்கமாயிரும்."

"நான் பாப்பேன். அடிங்க."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து துழாவினார். பிறகு ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டு, மேலே சின்ன எழுத்தில் எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு நோட்டைத் திருப்பினார். தகப்பன், சகோதரன், மகன் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. அல்போன்சா அந்த வரிசைக்குக் கீழே 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது டெப்போக்காரர்கள் பெட்டியைத் தூக்க நின்றார்கள். அந்தத் தெருவில் பெண்கள் கோயில் வாசலோடு நின்றுவிடுவது வழக்கம். சிலர் வண்டியில் பின்னால் வருவார்கள். தோள் கொடுத்தவர்கள் யாருமில்லை. முன்பக்கம் வலது கைப்பிடியில் செபஸ்தியான் நின்றார். இடதில் ஒச்சப்பன்.

அல்போன்சா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒச்சப்பன் பக்கத்தில் போய் நின்றாள்.

இஞ்ஞாசியம்மாள், "ஏ அல்போன்சா" என்றாள். சாமியார் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார். ஒச்சப்பன் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வாங்கக்கா" என்று விலகிப் பின்கைப்பிடிக்குப் போனார்.

தூக்கினார்கள். பிரிட்டோ கடைசியில் முப்பத்தெட்டுக் கிலோதான். ஆனாலும் பெட்டி கனத்தது. செபஸ்தியான் ஆறடி, அவள் அவர் தோளுக்கும் கீழே. பத்தடி போவதற்குள் பெட்டி அவள் பக்கம் சரிந்தது. கனம் முழுக்க அவள் தோளில் வந்து இறங்கியது. மஜ்ஜை எடுத்த நாளிலிருந்து வலிக்கிற இடுப்பு சுருக்கென்றது. பின்னாலிருந்து யாரோ, "அக்கா, மாத்திக்கிருவோமா?" என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள். அண்ணனைப் பார்க்கவும் இல்லை.

இன்னும் நாலைந்து அடி. தோளில் அழுத்தம் திடீரென்று குறைந்தது. பெட்டி சமமாகியிருந்தது. ஓரக்கண்ணில் தெரிந்தது: செபஸ்தியான் முழங்கால்களை மடக்கி, முதுகை வளைத்து, தன் தோளை அவள் தோள் உயரத்துக்கு இறக்கியிருந்தார். வேட்டி நுனி மண்ணில் இழுபட்டது. கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்கியது. அதைச் சரிசெய்ய அவருக்குக் கை இல்லை.

கல்லறைத் தோட்டம் இன்னும் அரை மைல் இருந்தது. வாசல் போய்ச் சேரும்வரை அவர் நிமிரவில்லை.